காலக் கணிப்பில் முன்அனுபவத்தின் பங்கு

ஒரு கால இடைவெளியைக் காட்டி, அதே அளவை மீண்டும் நிகழ்த்தச் சொன்னால் மனிதர்கள் குறுகியதை நீட்டுகிறார்கள், நீண்டதைக் குறுக்குகிறார்கள். டூபிங்கன் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் கார்ல் ஃபியரோர்ட் 1868-இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவுசெய்தார். இவ்விரு பிழைகளும் சந்திக்கும் இடத்தில், பிழையே நேராத ஓர் இடைவெளி அமைகிறது. அது எத்தனை நொடி என்று தேடிய பின்னோர் ஆளுக்கொரு விடை தந்தனர். விடைகள் ஒத்துப்போகாததற்கு அளவீட்டுக் குறை காரணமன்று. அப்படியொரு நிலையான புள்ளியே இல்லை. கணிப்பவர் சற்றுமுன் எவ்வகை இடைவெளிகளைச் சந்தித்தார் என்பதே அதன் இடத்தை முடிவுசெய்கிறது.

மெஹர்தாத் ஜசாயேரி, மைக்கேல் ஷாட்லன் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. திரையில் ஒளி இருமுறை பளிச்சிடும்; இடையே கழிந்த அதே நேரம் மீண்டும் கழிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு தொகுதியில் இடைவெளிகள் 494 முதல் 847 மில்லிநொடி வரை. மற்றொன்றில் 847 முதல் 1200 வரை. இரண்டுக்கும் பொதுவான 847, முதல் தொகுதியில் மிக நீண்டது என்பதால் குறுக்கப்பட்டது; அடுத்ததில் மிகக் குறுகியது என்பதால் நீட்டப்பட்டது. மூளைக்குள் ஒரு கடிகாரம் இருந்து அது வேகமாகவோ மெதுவாகவோ ஓடுவதுதான் காரணம் என்றால், ஒரே இடைவெளியில் பிழையின் திசை இப்படி மாறியிருக்காது. விரல் அசையும் தாமதமே காரணம் என்போரும் உண்டு. தாமதம் எல்லாவற்றையும் நீட்டத்தான் செய்யும். நீண்டவை குறுகுவதை அதனால் விளக்க முடியாது.

புலன் தரும் அளவு தெளிவற்றது. இடைவெளி நீள நீள அத்தெளிவின்மையும் கூடுகிறது. ஆகவே அந்த அளவை மட்டும் நம்பாமல், வழக்கமாக வரும் இடைவெளியின் பக்கம் சற்றுச் சாய்வது மொத்தப் பிழையைக் குறைக்கிறது. இது சரியானால் இரண்டு விளைவுகளை எதிர்பார்க்கலாம்: நீண்ட இடைவெளிகள் கொண்ட தொகுதியில் சாய்வு மிக வேண்டும், துல்லியமாக உணர்பவரிடம் அது குறைய வேண்டும். முன்னதை மேற்சொன்ன ஆய்விலேயே காண்கிறோம். பின்னதை, தாளவாத்தியக் கலைஞர்கள் இடைவெளிகளை ஏறத்தாழச் சாய்வின்றி மீட்டுத் தருவதாகக் கண்ட 2012 ஆய்வு உறுதிசெய்கிறது. பயிற்சி இல்லாதவர்களோ நடுவை நோக்கித் தெளிவாகச் சாய்ந்தார்கள்.

கனமான மறுப்பு வேறொன்று. ஸ்டெஃபான் கிளாசாயரும் ஜுவாங்ஹுவா ஷியும் ஒரே இடைவெளிகளை இரு வரிசைகளில் தந்து பார்த்தனர். தாறுமாறாகத் தந்தபோது சாய்வு மிகுந்தது. ஒன்றையடுத்து அதற்கு நெருங்கியதே வரும்படி மெல்ல மாற்றியபோது வெகுவாகக் குறைந்தது. இடைவெளிகளின் தொகுப்பு ஒன்றேயாக இருந்தும் பிழை வேறுபட்டதால், தொகுப்பின் சராசரியை மனம் சேமித்து வைக்கிறது என்ற எளிய விளக்கம் இங்கே உடைகிறது. முன்அனுபவத்தின் பங்கு என்ற கருத்து உடைவதில்லை; அது கூர்மையாகிறது. எதிர்பார்ப்பு ஒவ்வோர் இடைவெளிக்குப் பின்னும் புதுப்பிக்கப்படுகிறது. உலகம் மெல்ல மாறும்போது அது உண்மையை ஒட்டியே நகர்கிறது. ஆய்வுக்கூடத்தின் தாறுமாறான வரிசையில்தான் பின்தங்குகிறது. ஆதலால் இடைவெளிகளின் வீச்சையும் அவை தரப்பட்ட வரிசையையும் சொல்லாமல், பிழையற்ற புள்ளி இத்தனை மில்லிநொடி என்று மட்டும் அறிவிக்கும் ஆய்வை மற்றோர் ஆய்வோடு ஒப்பிட வழியில்லை.