பெர்ன்ஹில்லுக்குக் காற்று வாங்கப் போனவர்கள்

நீலகிரி மலை ரயில் பாதை குன்னூரிலிருந்து ஏறி பெர்ன்ஹில்லை எட்டியது 1908 செப்டம்பர் 15 அன்று. உதகையைத் தொட இன்னும் ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் பெர்ன்ஹில்தான் கடைசி நிலையம். ரயிலுக்கு வெகு முன்பே, 1873-ல், மைசூர் மகாராஜா இங்கே மாளிகை வாங்கியிருந்தார். அதற்கும் முன்னால், 1820களிலேயே, நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பு தேற உதகைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரையும் மேலே இழுத்தது ‘மலைக்காற்று’ என்ற ஒரே சொல். வந்தவர்களில் பலர் தேறினார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புகழைக் காற்றின் கணக்கில் எழுதியது பிழை என்பதே என் கட்சி.

ஏனென்றால், மூச்சுக்கு மூச்சு பார்த்தால் பெர்ன்ஹில் காற்று சமவெளிக் காற்றைவிட ஏழை. அங்கும் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்குதான். ஆனால் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 760 பாதரச மில்லிமீட்டரிலிருந்து சுமார் 580 ஆக இறங்கிவிடுகிறது. நுரையீரலின் நுண்ணறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் கடற்கரையில் 100 என்றால் இங்கே சுமார் 70. திரும்பி வரும் இரத்தத்தில் அது 40-ஐ ஒட்டியே இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆக்சிஜனை உள்ளே தள்ளுகிறது. அது மலையில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ரயில் பெர்ன்ஹில்லுக்கு வந்த வருடத்தில் ஐரோப்பிய அறிஞர்களுக்கே இதில் ஒருமித்த கருத்தில்லை. நுரையீரல் ஒரு சுரப்பிபோல ஆக்சிஜனைத் தானே இரத்தத்துக்குள் செலுத்துகிறது என்றார் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர். அழுத்த ஏற்றத்தாழ்வால் நடக்கும் விரவல் மட்டுமே போதும் என்று 1910-ல் ஏழு கட்டுரைகளில் நிறுவியவர்கள் அவருடைய மாணவர் ஆகஸ்ட் கிரோக்கும் மனைவி மேரியும்.

ஆக்சிஜனைத் தள்ளும் ஏற்றத்தாழ்வு இப்படிக் குறைந்தால், வந்தவர்கள் மூச்சுத் திணறிச் சாய்ந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். சாயவில்லை, காரணம் இரத்தத்தில் ஆக்சிஜனை ஏந்தும் ஹீமோகுளோபினின் தாராளம். நுண்ணறை அழுத்தம் 100-லிருந்து 70-க்கு விழுந்தும், இரத்தம் ஏந்தும் ஆக்சிஜன் நூற்றுக்கு 97-லிருந்து 93, 94 அளவுக்குத்தான் குறைகிறது. நுண்ணறைச் சுவர் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. இரத்தம் அதைக் கடக்கும் முக்கால் நொடியில் கால் நொடியே பரிமாற்றத்துக்குப் போதும். மீதி நேரம் கையிருப்பு. நீலகிரியின் தொதவரும் படகரும் தலைமுறை தலைமுறையாக இதே காற்றில்தான் உழைத்து வந்தார்கள்.

சரி, காற்று தேற்றவில்லையென்றால் தேற்றியது எது? குளிரும் கொசுவின்மையும். இதற்குச் சாட்சி மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. 1897-ல் உதகைக்கு வந்த ரொனால்ட் ராஸ், மலேரியாவை ஆராய சீகூர் பக்கம் இறங்கினார். சில நாட்களில் அவரே காய்ச்சலில் படுத்தார். உதகையின் குளிரில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமி வளர முடியாது. ‘கெட்ட காற்று’ என்ற பொருளில் நோய்க்கு மலேரியா எனப் பெயரிட்ட காலம், மலையில் ‘நல்ல காற்று’ இருப்பதாக நம்பியதில் வியப்பில்லை.

நுரையீரல் நோயாளிக்காவது மலை உகந்ததல்லவா? அவருக்குத்தான் அது மிக ஆகாதது. சுவர் தடித்தோ நுண்ணறைகள் அழிந்தோ போனவரிடம் அந்தக் கையிருப்பு ஏற்கெனவே செலவாகியிருக்கும். உயரம் மிச்சத்தையும் தின்றுவிடும். 1928-ல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கு சானடோரியம் அமைத்தது மலையில் அல்ல, சமவெளியில், தாம்பரத்தில். பிறகு சென்னையின் காசநோய் ஆய்வு மையம் ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்திலும் மறு பகுதியை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வந்தது: இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள்.