பூட்டுக் கோப்பின் வரலாறு: பெர்லினர் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

பதிப்பு மேலாண்மை மென்பொருள்களில் இரு வகைப் பூட்டுகள் உண்டு. ஆள் போடும் பூட்டு நாள்கணக்கில் நிற்கும். திருத்த எடுத்தவர் திருப்பித் தரும்வரை கோப்பு அவருடையது. நிரல் போடும் பூட்டுக்கு, எழுதி முடிக்கும் சில நொடிகளே ஆயுள். மார்க் ரோக்கைண்ட் 1972இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய எஸ்.சி.சி.எஸ்.ஸின் யுனிக்ஸ் வடிவம் இவற்றைத் தெளிவாகப் பிரித்திருந்தது. பி-கோப்பில் திருத்துபவரின் பெயரும் நேரமும் பதிவாகும். இசட்-கோப்பில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எண் மட்டும்.

இந்தப் பிரிவை மங்கச் செய்தது பிரையன் பெர்லினரின் 1990ஆம் ஆண்டு யூஸ்நிக்ஸ் கட்டுரை. வால்டர் டிஹி பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1982இல் விவரித்த ஆர்.சி.எஸ்., ஒருவர் பூட்டிய பதிப்பில் இன்னொருவரைக் கைவைக்க விடாது. இது வேலையை வரிசையில் காக்கவைக்கிறது என்பது பெர்லினரின் குறை. அவரவர் நகலில் திருத்திப் பின்னர் இணைக்கும் சி.வி.எஸ்.ஸை அவர் மாற்றாக வைத்தார். (மூலக் கருத்து டிக் க்ரூனேயுடையது. அவர் 1984–85இல் எழுதி 1986இல் பொதுவில் வைத்தார். எதைத் தொடக்க ஆண்டாகக் கொள்வது என்பது அவரவர் அளவுகோல்.) பூட்டின் காலம் முடிந்து இணைப்பின் காலம் பிறந்தது என்ற கதை இங்கிருந்தே கிளைத்தது.

அந்தக் கதை பாதிதான் சரி. ஆர்.சி.எஸ். பூட்டு உடைக்க முடியாததன்று. உடைத்தால், பூட்டியவருக்கு உடைத்தவரின் விளக்கத்துடன் மின்னஞ்சல் போகும். அதாவது அந்தப் பூட்டுக்கு ஒரு முகவரி இருந்தது. சி.வி.எஸ். நீக்கியது இந்த முகவரியுள்ள பூட்டைத்தான். நிரல் பூட்டு அதன் களஞ்சியத்துக்குள்ளேயே பெருகியது. படிப்பவர் முதலில் ‘சி.வி.எஸ்.லாக்’ என்ற அடைவை உருவாக்கி, வாசிப்புக் குறிக்கோப்பை வைத்துவிட்டு, அடைவை அழிக்க வேண்டும். எழுதுபவர், வாசிப்புக் குறி எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, வேலை முடியும்வரை அடைவைப் பிடித்திருக்க வேண்டும். கோப்பை விட்டு அடைவைத் தேர்ந்தது வெறும் விருப்பமன்று. அடைவு உருவாக்கம் பிரிக்க முடியாத ஒரே செயல் என்ற நம்பிக்கையே அதன் அடிப்படை. பூட்டு கிடைக்காவிட்டால் நிரல் 30 நொடிக்கு ஒருமுறை மீண்டும் முயலும். போட்ட நிரல் நடுவில் செத்திருந்தால், அந்த முயற்சிக்கு முடிவே இல்லை.

பூட்டு உரியவரின்றி நின்றுவிடும் இதே சிக்கலை இலங்கையின் ஊவாப் பகுதி ஒற்றைப் புகையிரதப் பாதை வேறுவிதமாகத் தீர்த்தது. 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டிய அந்தப் பாதையில், பாதையில் நுழைய அனுமதிக்கும் ‘டேப்லட்’ என்ற வில்லை, சாரதியின் கையிலேயே அடுத்த நிலையம்வரை போகும். இரு நிலையக் கருவிகளும் மின்னிணைப்பில் இருப்பதால், அது திரும்பிச் சேராமல் இன்னொன்று வெளிவராது. பூட்டுக் கோப்போ உரியவருடன் பயணிப்பதில்லை.

ஆர்.சி.எஸ்.ஸில் இன்னொரு வேறுபாடும் உண்டு. பெர்லினர் வழிவந்த கதையில் அதற்கு இடமில்லை. பெயரின் இருபுறமும் காற்புள்ளி கொண்ட தற்காலிகக் கோப்பே அங்கு நிரலின் பூட்டு. புதிய உள்ளடக்கம் அதிலேயே எழுதப்படும். பெயர் மாறும் நொடியில் பூட்டு விலகலும் வெளியீடும் ஒன்றாக நிகழும். சி.வி.எஸ்.ஸின் அடைவுப் பூட்டு இவ்வாறு இயங்குவதில்லை. ஆனால் 2005இல் பிறந்த கிட்டின் ‘இன்டெக்ஸ்.லாக்’ அப்படியே இவ்வழியில் இயங்குகிறது. ஆக, பூட்டின் வகையில் கிட்டுக்கு நெருங்கிய உறவு சி.வி.எஸ். அன்று, ஆர்.சி.எஸ்.தான். நேரடி வழிமரபு என்று நிறுவச் சான்று போதாது. பெயர்மாற்ற உத்தி யுனிக்ஸில் பொதுவாகவே வழங்கியது. ஒப்புமையை மறுப்பது மட்டும் கடினம்.

கைவிடப்பட்ட பூட்டை கிட்டும் தானாக நீக்குவதில்லை. வேறு கிட் நிரல் ஓடவில்லை என்று உறுதிசெய்து, கோப்பைக் கையால் அழிக்கச் சொல்கிறது. ஓடும் நிரலின் பூட்டை அழித்தால், அது காக்கும் ‘இன்டெக்ஸ்’ கோப்பு பழுதாகலாம்.

ஆள் போடும் பூட்டும் ஒழிந்துவிடவில்லை. இணைக்க முடியாத படக் கோப்புகளுக்காக சப்வெர்ஷன் 1.2 பதிப்பு, அதே 2005இல், அதைத் திரும்பக் கொண்டுவந்தது: பூட்டியவர் பெயர், காரணக் குறிப்பு, பிறர் உடைக்கும் வழி எல்லாவற்றுடனும்.