எண்பது குதிரைகள் எங்கே போயின?

ஒரே தொழிற்சாலை, ஒரே எஞ்சின், ஒரே ஆண்டு. ஆனால் அதன் திறனை 365 குதிரைத்திறன் என்றும், 285 குதிரைத்திறன் என்றும் இரண்டு விதமாக வெளியிட்டார்கள். 1971-ஆம் ஆண்டின் கார்வெட் காரில் பொருத்தப்பட்ட 454 கன அங்குல எஞ்சினைப் பற்றிய விவரம் இது. இடையில் எண்பது குதிரைகள் எங்கே போயின? அச்சுப்பிழையோ என்று எண்ண வேண்டாம். இரண்டு எண்களும் சரியானவையே.

இது வெறும் புதிர் அன்று. 1960-களின் பெரிய எஞ்சின் கார்களைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, மீண்டும் ஓட வைப்போர் அமெரிக்காவில் இன்றும் பலர். காரின் உடல் கிடைத்துவிடும். எஞ்சினோ பல சமயம் காணாமற் போயிருக்கும், அல்லது உடைந்து கிடக்கும். "எதைப் பொருத்துவது?" என்று யோசிக்கும்போது அவர்கள் முன் நிற்பவை இத்தகைய எண்கள்தாம். அவற்றின் வரலாற்றை அறியாதவர் பெருந்தொகை கொடுத்துத் தமக்கு உதவாத ஒன்றை வாங்கிவிடக்கூடும்.

இக்கார்களை அமெரிக்கர்கள் 'மசில் கார்' என்பர். முறுக்கேறிய புயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செய்முறை எளிது: நடுத்தரக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினைத் திணிக்க வேண்டியதுதான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963-இன் தொடக்கத்தில் பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற உள்விதியும் அங்கு இருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் இவ்விதியில் ஒரு சந்தைக் கண்டார்கள். விதி காரைப் பற்றியது. வாங்குபவர் விரும்பினால் சேர்க்கும் 'கூடுதல் தொகுப்பை'ப் பற்றி அது வாய் திறக்கவில்லை! 1964-ஆம் ஆண்டின் டெம்பஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல எஞ்சினை இப்படித்தான் நுழைத்தார்கள். ஜி.டி.ஓ. என்ற பெயரில் முதல் ஆண்டிலேயே 32,000-க்கு மேல் விற்றது. பொறியாளர்களுக்கு வக்கீல் மூளையும் வேண்டும் போலும்.

பிறகு போட்டி சூடு பிடித்தது. அரைக்கோள வடிவ எரிகலன் கொண்ட கிறைஸ்லரின் 426 'ஹெமி' எஞ்சின், 1964-இல் டேடோனா 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. 1966-இல் சாலைக் கார்களுக்கும் வந்தது. 1970-ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கட்டுப்பாட்டைக் கைவிட, செவ்ரலே செவல் காரில் எல்.எஸ்.6 என்னும் 454 கன அங்குல எஞ்சின் ஏறியது. அறிவித்த திறன் 450.

454 கன அங்குலம் என்றால் எவ்வளவு? நாமே கணக்கிடலாம். உருளையின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது 10.8 செ.மீ. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 4 அங்குலம், அதாவது 10.16 செ.மீ. ஓர் உருளையின் கொள்ளளவு ஏறத்தாழ 930 க.செ.மீ. இத்தகைய உருளைகள் எட்டு, மொத்தம் 7.4 லிட்டருக்கு மேல். நம் சாலைகளில் ஓடிய மாருதி 800 காரின் முழு எஞ்சினும் 796 க.செ.மீ.தான். அந்த முழு எஞ்சினை விட இதன் ஒரே உருளை பெரியது!

எஞ்சின் என்பது காற்றை விழுங்கும் பொறி. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். பெரிய உருளை மெதுவாகச் சுழலும்போதே நிறையக் காற்றை விழுங்கும்; ஆகவே குறைந்த வேகத்திலேயே முறுக்குவிசை மிகுதி. சிறிய எஞ்சின் அதே அளவு காற்றை விழுங்க வேண்டுமானால் வேகமாகச் சுழல வேண்டும். 1967-இல் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்காகவே செய்யப்பட்ட கமாரோ இசட்/28 காரின் 302 கன அங்குல எஞ்சின் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் பிஸ்டன் செல்லும் தூரம் 3 அங்குலமே. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் அதன் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 17.8 மீட்டர். 454-இன் பிஸ்டனோ 5,600 சுற்றிலேயே 19 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. பெரியது சீறிப் பாயும். சிறியது நீண்ட நேரம் சுழன்று பாடும். நகரத் தெருவில் ஓட்டப் போகிறவருக்கு எது வேண்டும் என்பது முதல் கேள்வி. காரின் மூக்கில் எவ்வளவு இரும்பு ஏறப் போகிறது என்பதும் அதனுடனேயே வரும். முழு இரும்பாலான 454, 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. முன்சக்கரங்களின் மேல் இவ்வளவு பாரம் இருந்தால் வளைவில் கார் எளிதில் திரும்ப மறுக்கும்.

இனி ஈயத்தின் கதைக்கு வருவோம். எல்.எஸ்.6 எஞ்சின் பெட்ரோல்-காற்றுக் கலவையை 11.25-இல் ஒரு பங்காக அமுக்கியது. அமுக்க விகிதம் ஏறினால் பயனுறுதிறனும் ஏறும் என்பதைக் கல்லூரியில் ஆட்டோ சுழற்சி படித்தவர்கள் அறிவார்கள். கொள்கை அளவில் 8.5 விகிதத்துக்கு 57.5 சதவீதம், 11.25 விகிதத்துக்கு 62 சதவீதம். உண்மை எஞ்சினில் இதில் பாதியளவே தேறும் என்றாலும் வேறுபாடு நிலைக்கும். ஆனால் மிகுதியாக அமுக்கினால் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்து, எஞ்சின் 'தட்டும்'. தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும். இத்தட்டலை அடக்க டெட்ரா எதில் ஈயம் உதவும் என்று 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். மசில் கார்களின் பெருந்திறன் அந்த ஈயத்தின் மேல் கட்டிய மாளிகை. புகையில் வெளியேறிய ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்தக் குதிரைகளுக்குத் தீனி போட்ட விலை விளம்பரங்களில் இல்லை.

1970-இல் வந்த தூய காற்றுச் சட்டம் புகையில் உள்ள நச்சுப் பொருள்களில் பெரும்பகுதியைக் குறைக்க ஆணையிட்டது. புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கியை ஈயம் பாழாக்கிவிடும். ஆகவே ஈயமில்லாப் பெட்ரோல் வேண்டும். ஆகவே அமுக்க விகிதம் இறங்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் எட்வர்டு கோல் இவ்வழியில் முனைந்து நின்றார். 1971 மாதிரிகளில் அந்நிறுவனம் விகிதத்தை 8.5, 9 என்று இறக்கியது. ஹெமியும் அவ்வாண்டோடு நின்றது. காப்பீட்டுக் கட்டண உயர்வும் வாங்குபவர்களை விரட்டியது. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் அமெரிக்காவில் 1996-இல் முற்றிலும் தடை செய்யப்பட்டது.

சரி, எண்பது குதிரைகள்? பழைய முறையில் எஞ்சினை மேடையில் தனியே ஏற்றி அளந்தார்கள். காற்று வடிகட்டி இல்லை; மின்னாக்கியின் சுமை இல்லை; காரின் புகைக் குழாயும் ஒலி அடக்கியும் இல்லை. இப்படிக் கிடைப்பது 'மொத்தத் திறன்'. புதிய முறையில் காரில் உள்ளபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். இது 'நிகரத் திறன்'. சம்பளப் பட்டியலில் பிடித்தங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள தொகைகளைப் போல. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் வெளியிட்டது. 1972 முதல் நிகரத் திறன் மட்டுமே. 1972-இல் அதே 454-க்கு அறிவித்தது 270. "365-இலிருந்து 270-க்கு விழுந்தது, சட்டம் எஞ்சினைக் கொன்றது" என்று சொல்வோர் உண்டு. உண்மையில் அந்த ஓராண்டில் நிகரமாகக் குறைந்தது 15 குதிரைகளே. மீதி எண்பதும் அளவுகோல் மாறியதால் மறைந்தவை. முந்திய ஆண்டில் அமுக்க விகிதம் இறங்கியதால் ஏற்பட்ட இழப்பு வேறு கணக்கு.

பழைய எண்கள் எல்லாமே மிகைப்படுத்தியவை என்றும் கொள்ள வேண்டாம். 1967 கார்வெட்டில் சாதாரண வாடிக்கையாளருக்கான 427 எஞ்சினுக்கு 435 என்றும், பந்தயத்துக்கான எல்.88 எஞ்சினுக்கு 430 என்றும் போட்டார்கள்! எல்.88-இன் உண்மையான மொத்தத் திறன் 500-க்கு மேல். விவரம் அறியாதவர் வாங்கிச் சிரமப்படாதிருக்கச் செய்த தந்திரம் இது.

எல்.88-க்கு ஆராய்ச்சி முறை ஆக்டேன் எண் 103 உள்ள பெட்ரோல் வேண்டும் என்று காரிலேயே எச்சரிக்கை ஒட்டினார்கள். இங்கும் எண் ஏமாற்றும். இன்றைய அமெரிக்கப் பம்பில் 93 என்று எழுதியிருப்பது ஆராய்ச்சி முறை, மோட்டார் முறை ஆகிய இரண்டின் சராசரி. ஆராய்ச்சி முறையில் அது 98-ஐ ஒட்டி வரும், 103-ஐத் தொடாது. ஆகவே பழைய உயர் அமுக்க எஞ்சினை அப்படியே உயிர்ப்பித்தால் பந்தயப் பெட்ரோலைத் தேடி அலைய வேண்டும், அல்லது பிஸ்டனை மாற்றி விகிதத்தை இறக்க வேண்டும். ஈயப் படிவு புகை வால்வின் இருக்கைகளைத் தேய்விலிருந்து காத்தது. அது இல்லாததால் கடினமாக்கிய எஃகு வளையங்களையும் பதிக்க வேண்டும்.

மாற்று வழி புதிய எஞ்சின். 2008 கார்வெட்டுக்கு வந்த எல்.எஸ்.3, 6.2 லிட்டர் கொள்ளளவில் 430 குதிரைத்திறன் தருகிறது. பழைய 450-ஐ விட இது குறைவு என்று தோன்றுகிறதல்லவா? இந்த 430 நிகரம். அந்த 450 மொத்தம். சற்றே தணிந்த 1971 எல்.எஸ்.6-க்கு மொத்தம் 425, நிகரம் 325 என்று அறிவித்தார்கள். அந்த அளவுகோலால் பார்த்தால் புதியதே வலியது. அலுமினியத்தால் ஆனதால் எடையும் 200 கிலோவை ஒட்டித்தான். ஓட்டுவதற்காகக் கார் வேண்டுமென்பவருக்கு, காரின் சொந்த எஞ்சின் ஏற்கெனவே தொலைந்திருந்தால், நான் இதையே சொல்வேன். கூடவே பழைய டிரம் பிரேக்கை மாற்றச் சொல்வேன். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு என்பதைப் பிரேக்தான் முதலில் உணரும்.

சொந்த எஞ்சின் இருக்குமானால் நிலைமை வேறு. 1971-இல் கிறைஸ்லர் குழுமம் செய்த ஹெமி எஞ்சினுள்ள திறந்த கூரை 'குடா கார்கள் ஒரு டஜனுக்கு மேற்படவில்லை. அவற்றில் ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. காரோடு பிறந்த எஞ்சின் என்பதற்குச் சான்று, அதன் உடலில் வெட்டிய எண். செவ்ரலே எஞ்சின்களில் இந்த எண் உருளைத் தலை உட்காரும் பரப்பின் முன்விளிம்பில் இருக்கிறது. அப்பரப்பைச் சமப்படுத்தப் பட்டறையில் இழைத்தால் ஒரே ஓட்டத்தில் எண் மறைந்துவிடும். அதனால், எஞ்சினை இறக்கும்போதே அந்த விளிம்பைப் படம் எடுத்துக்கொண்டு, அங்கே கை வைக்கக் கூடாது என்று பட்டறைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம்.