நெல்லியும் கீழாநெல்லியும்

1675-ஆம் வருஷம் ஏப்ரல் 20-ஆம் தேதி இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் கொச்சியில் ஒரு சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மலையாள நாட்டு மரம், செடி, கொடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னது தாமே என்பது அதன் சாரம். கேட்டு வாங்கியவர் டச்சுக் கவர்னர் வான் ரீடே. கொங்கணப் பிராமணர் மூவரும் அந்த வேலைக்கு உதவினார்கள். சொன்னவர் பெயரை மறைத்துவிடாமல், அவர் கையெழுத்தையே நூலில் அச்சிட்ட அந்தக் கவர்னரை நாம் சற்று மெச்சத்தான் வேண்டும்.

'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக, லத்தீனில் வெளிவந்தது. கடைசிப் பாகத்தைப் பார்க்க வான் ரீடே இல்லை, 1691-லேயே காலமாகிவிட்டார்.

பிறகு வந்தார் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். பூவின் மகரந்தத் தாள்களை எண்ணி, செடிகளை இருபத்து நான்கு வகுப்புகளாக்கியவர். நம் வைத்தியர்களுக்கு எண்ணும் வழக்கமில்லை. அவர்களுக்குப் பார்வை வேறு, பெயர் வேறு. ஆனாலும் ஒரு வேடிக்கை பாருங்கள். நெல்லியோ மரம், கீழாநெல்லியோ முழங்காலைத் தொடாத பூண்டு. இரண்டுக்கும் 'நெல்லி' என்று உறவு சொன்னார்கள் நம்மவர்கள். 1753-இல் லின்னேயஸும் இரண்டையும் 'பில்லாந்தஸ்' என்ற ஒரே குலத்தில்தான் சேர்த்தார்!

அதற்காக நாட்டுப் பெயரை எப்போதும் நம்பிவிடலாகாது. ஆகாயத்தாமரைக்கும் தாமரைக்கும் குளத்தைத் தவிர வேறு உறவில்லை.

லத்தீன் பெயரும் அப்படியொன்றும் யோக்கியமில்லை. நம் முற்றத்துத் துளசிக்கு லின்னேயஸே 1753-இல் 'ஓசிமம் டெனுய்ஃப்ளோரம்' என்று ஒரு பெயர் வைத்தார். 1767-இல் 'ஓசிமம் சாங்க்டம்' என்று இன்னொன்று. முந்தியதே செல்லும் என்பது தாவர சாஸ்திரிகளின் சட்டம். பழைய புத்தகங்களில் பிந்தியதே மலிந்து கிடக்கிறது. இரண்டு பட்டியல்களை ஒன்றாக்குகிறவர் அசந்தால், ஒரு துளசி இரண்டாகிவிடும்.

அதைவிடப் பொல்லாத சங்கடம் ஒன்றுண்டு. மஞ்சட்காமாலைக்கு நம் பாட்டிமார் மோரில் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை, இந்தியப் புத்தகங்கள் நெடுநாள் 'பில்லாந்தஸ் நிரூரி' என்றே எழுதி வந்தன. அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் ஊர்ச் செடி 'பில்லாந்தஸ் அமாரஸ்'. 1827-இல் பெயர் பெற்றது. பெயரை மட்டும் நம்பிப் பட்டியல்களை இணைத்தால், இங்கே பறித்த செடியின் குணம் அங்கே உள்ள செடியின் கணக்கில் ஏறிவிடும். இயந்திரம் எழுத்தைத்தான் ஒப்பிடும். இலையைப் புரட்டி, அடியில் தொங்கும் காயைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

அப்படிப் பார்த்தவர் கே. எஸ். மணிலால். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்துத் தாவரப் பேராசிரியரான அவர், அந்தப் பழைய படங்களில் உள்ள எழுநூற்றுச் சொச்சம் செடிகளுக்கும் இன்றைய பெயர்களைத் தேடுவதில் பல பத்தாண்டுகள் செலவிட்டார். அவருடைய ஆங்கிலப் பதிப்பு 2003-இல் வந்தது. மலையாளப் பதிப்பு 2008-இல் வந்தது. இட்டி அச்சுதன் தம் மொழியில் சொன்னது, லத்தீனில் அச்சேறி முந்நூற்று முப்பது வருஷம் கழித்து அவர் மொழிக்கே திரும்பியது.