மாறனலங்காரமும் கவி பயிலும் நெறியும்

ஒட்டன்சத்திரத்தில் யாப்புப் பயில விழையும் இளைஞர் சிலர்க்கு அடியேன் பாடம் சொல்லி வருகின்றேன். சீரும் தளையும் பிழையாமல் வெண்பா அமைக்கச் சில திங்களிலேயே அவர்கள் கற்றுக்கொண்டனர். அமைந்த வெண்பாவில் கவிதை இல்லை என்பதையும் அவர்களே உணர்ந்தனர். 'இனி எதனைக் கற்பது?' என்ற அவர்தம் வினாவே மாறனலங்காரத்தை மீண்டும் எடுத்துப் பார்க்கச் செய்தது.

இந்நூலை இயற்றியவர் 16ஆம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரியில் விளங்கிய திருக்குருகைப்பெருமாள் கவிராயர். அணிக்கு இதனையும், அகப்பொருளுக்கு மாறனகப்பொருளையும், செய்யுள் வகைக்கு மாறன் பாப்பாவினத்தையும் அருளினார். மூன்றும் நம்மாழ்வாரின் மாறன் என்னும் திருப்பெயரையே தாங்கி நிற்பன.

இவருக்கு முற்பட்ட தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுத்தது; மாறனலங்காரம் 64 என விரித்தது. இவ்விரிவில் சில, இருந்த அணியையே மெல்லிதாகப் பிளந்தவை என்று சொல்வாரை மறுக்க எழவில்லை. நூலின் பெருமை எண்ணிக்கையில் இல்லை, எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. தண்டியின் எடுத்துக்காட்டுகளில் அநபாய சோழன் புகழ் ஒலிக்கும். கவிராயரோ அரசனை நாடாது ஆழ்வாரையும் திருமாலையும் திருப்பதிகளையும் பாடினார். அச்செய்யுட்களுள் மிகப் பல அவரே யாத்தவை. இலக்கணம் சொல்பவன் தான் சொன்ன விதிக்குத் தானே கவி செய்து காட்ட நேர்ந்தால், விதியின் வலிமையும் தளர்ச்சியும் அவன் கையிலேயே தெரிந்துவிடும். உவமைக்கு இலக்கணம் கூறுதல் எளிது. ஒரே தலைவனை உவமையிலும் உருவகத்திலும் வேற்றுமையிலும் வைத்துப் பாடும்போதுதான் அணிக்கு அணி பொருள் எவ்வாறு திரும்புகிறது என்பது விளங்கும். பாடுபொருளை நிலையாக நிறுத்தி, அணியை மட்டும் மாற்றிப் பயிலும் இம்முறையே கவி பயில்வார்க்கு அவர் வைத்துச் சென்ற பாடம் என்பது அடியேன் துணிபு. சூத்திரத்தை நெட்டுருச் செய்து எடுத்துக்காட்டைத் தள்ளிவிடும் இக்கால வழக்கம் பாடத்தையே தள்ளிவிடுகிறது.

இந்நூலுக்குத் தென்திருப்பேரைக் காரிரத்தினக் கவிராயர் உரை வரைந்தார். செய்யுளில் அணி எங்கே நிற்கிறது என்று சுட்டும் உரையைக் கற்கும்போது, நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு நினைவுக்கு வரும். 'வேறு சொல் இருக்க இச்சொல் ஏன்?' என்ற கேள்வி ஈட்டில் ஓயாது எழும். அவ்வினாவைப் பிறர் கவியில் கேட்டுப் பழகியவன், தன் கவியிலும் கேளாதிருக்க மாட்டான்.

சொல்லணி பற்றி ஒரு சொல். மடக்கும் சித்திரகவியும் வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவார் உளர். நாலுகவிப் பெருமாளாகிய திருமங்கையாழ்வாரே திருவெழுகூற்றிருக்கை அருளினார் என்பதை அவர்கள் எண்ணவேண்டும். பிள்ளைப் பெருமாளையங்கார் திருவரங்கத்தந்தாதியை யமகத்திலேயே நடத்தினார். யமகம் பயில்வோன் ஒவ்வொரு சொல்லையும் பிரித்தும் சேர்த்தும் பார்க்கக் கட்டாயப்படுகிறான். 'வந்தனை' என்பது வழிபாடாகும். 'நீ வந்தாய்' எனவும் ஆகும். பக்தனுடைய செயலும் பெருமானுடைய செயலும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பதைத் தேடாதவன் காணான்.

இச்சொல்லையே இளைஞர்க்குப் பயிற்சியாகக் கொடுத்தோம். ஒருவர் இரண்டடியில் அதனை மடக்கிக் கொணர்ந்தார். தளை பிழையில்லை, ஆயினும் இரண்டாம் அடியில் வருபவன் யார் என்பது விளங்கவில்லை. நாம் வாய் திறக்குமுன் அவரே அந்த அடியை அடித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.