மச்ச நியாயமும் ஒரு கடல் வழக்கும்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை மச்ச நியாயம் என்பர் வடநூலார். தண்டம் இல்லாவிடத்து வலியார் மெலியாரை விழுங்குவர் என்பதற்குக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இதனையே உவமையாக்கும். அரசியலுக்கு உவமையாய் நின்ற இச்செய்தி, 1871ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஒரு வழக்கிற்கே பொருளாயிற்று.

அந்நாட்டின் மசச்சூசெற்ஸ், றோட் ஐலண்ட் கரைகளில் ஸ்கப் முதலிய உணவு மீன்கள் அருகின. கரையோரத்தில் நிலையாக நாட்டப்பட்ட பொறிவலைகளே இதற்குக் காரணம் என்றனர் தூண்டிற்காரர், பொறியுடையோர் மறுத்தனர். உண்மை காணும்பொருட்டுக் கொங்கிரஸ் மீன் ஆணைக்குழுவொன்றை நிறுவிற்று. அதன் தலைவர் ஸ்பென்சர் பெயர்ட் வுட்ஸ் ஹோல் என்னுமிடத்தில் தங்கி, இரு சாராரின் சாட்சியங்களையும் கேட்டார். மீன்களின் இரைப்பைகளும் ஆராயப்பட்டன.

அப்போது மூன்றாவது குற்றவாளியாக நீலமீன் தோன்றிற்று. நன்ரக்கெற் தீவைச் சூழ மிகுந்திருந்த இம்மீன் 1764இல் மறைந்ததென அத்தீவின் பழைய வரலாற்றுக் குறிப்புக் கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மீண்டும் பெருகியது. உண்பதினும் மிகுதியாகக் கொல்லும் இயல்பினது அது எனப் பெயர்ட் கருதினார். எனினும், பழி முழுவதையும் அதன்மேற் சுமத்தினாரல்லர். நீலமீனும் பொறிவலையும் கூடியே கேடு விளைத்தன என முடிவு செய்தார்.

பிற்கால ஆய்வுகள் இவ்வியல்பை மேலும் விளக்கின. இரையை முழுதாக விழுங்கும் மீனுக்கு அதன் வாயின் அகலமே எல்லை. நீலமீனோ கூரிய பற்களாற் பெரிய இரையைத் துண்டித்தும் உண்ணவல்லது. அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் வாழும் 18 கொன்றுண்ணி இனங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு பிறிதோர் உண்மையையும் காட்டிற்று. கொன்றுண்ணி வளருந்தோறும் அது கொள்ளும் இரையின் மேலெல்லை உயரும். கீழெல்லையோ பெரிதும் மாறுவதில்லை. பெரிய மீன் பெரியவற்றையும் உண்ணும்; சிறியவற்றையும் விடாது.

ஆகவே, நீலமீன்மீது எழுந்த ஐயம் ஆதாரமற்றதன்று. ஆயினும், பெயர்ட் வேண்டிய சட்டம், முட்டையிடும் பருவத்தில் வாரத்திற் சில நாட்கள் பொறிவலைகளை மூடிவைக்க வேண்டும் என்பதே. நீலமீனும் அதன் இரையும் பொறிவலை தோன்றுமுன்னரே ஒரு கடலில் வாழ்ந்தவை. மீனின் பசிக்கு விதி வகுத்தல் எவர்க்கும் இயலாது; மனிதன் கைக்கு வகுத்தல் இயலும். தண்டம் வேண்டும் எனப் பண்டையோர் கூறியதும் மீனை நோக்கியன்று, மனிதனை நோக்கியே என்பது ஈண்டு நினைத்தற்குரியது.