பழைய காருக்குப் புதிய இயந்திரம்

அமெரிக்காவின் 'மசில் கார்' வரலாறே ஓர் இயந்திர மாற்றத்தில்தான் தொடங்குகின்றது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாதென்பது 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் விதி. அதன் பொன்ரியாக் பிரிவைச் சேர்ந்த ஜோன் டிலோரியனும் சகாக்களும், பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல இயந்திரத்தை நடுத்தர ரெம்பெஸ்ற் காருக்குள் இறக்கினர். தனி மாதிரியாக அன்றி, மேலதிகத் தெரிவாக அறிவித்ததால் விதி தடுக்கவில்லை. 1964இல் அந்த 'ஜி.ரி.ஓ.' 32,000க்கு மேல் விற்பனையானது.

1970இன் தூய காற்றுச் சட்டம், காப்புறுதிக் கட்டண உயர்வு, 1973இன் எண்ணெய் நெருக்கடி ஆகியன அந்தக் காலத்தை முடித்துவைத்தன. கார்கள் மட்டும் எஞ்சின.

1997இல் கொர்வெற் காருடன் வந்த எல்.எஸ்.1 இயந்திரம் அவற்றுக்கு மறுவாழ்வளித்தது. 5.7 லீற்றர், 345 குதிரைவலு, அலுமினியக் கட்டை. வால்வுகளை இயக்கும் தண்டு சிலிண்டர்த் தலைகளின் மேல் அன்றி, கட்டையின் நடுவிலேயே இருந்தமையால் பருமன் குறைவு. பழைய கார்களின் முன்புறத்தில் எளிதில் அடங்கியது. 1999 முதல் இதே குடும்பத்து இரும்புக் கட்டை இயந்திரங்கள் பிக்கப் வாகனங்களிலும் வந்தன. விபத்தில் சிதைந்த பிக்கப்புகள் பழைய வாகனக் கிடங்குகளை அடைந்தபோது, சாதாரண வருமானக்காரரும் அவற்றை வாங்க முடிந்தது. காபரேற்றரோடு மல்லுக்கட்டாமல், மின்னணு எரிபொருள் உட்செலுத்தலின் உதவியால் குளிர்காலைகளிலும் வேலைக்குப் புறப்படலாம்.

ஆயினும், தொழிற்சாலை பொறித்த இலக்கத்துடன் கூடிய மூல இயந்திரம் அகன்றால் சேகரிப்பாளரிடையே காரின் மதிப்பு வீழ்கின்றது. அது மரபுச் சிதைவு என்பது அவர்களின் வாதம். ஆனால், அவர்கள் போற்றும் மரபும் வேறொரு காரின் இயந்திரத்தைக் கொண்டுவந்து பொருத்தியதால் பிறந்ததே. ஓடாமல் காக்கப்படும் கார் சான்றாக நிலைக்கும். அந்த மரபைத் தொடர்வது நாள்தோறும் ஓடும் காரே.